கையை எடுத்தது யார்?

2017ல் எங்க ஆயாவை மலையிலிருந்து இறக்கினோம். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். மூளையில் ரத்தக்கசிவு. கீழே ஒரு மருத்துவமனையில் 9 நாள் வெண்டிலேட்டர். பத்தாம் நாள் டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே ஒண்ணும் பிரயோஜனம் இல்லைங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." மாமா தலையாட்டிவிட்டு நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். வாங்கிப் படித்தேன். மருத்துவர் அறிவுரையை மீறி, சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோமாம்.

அறிவுரை சொன்னது அவர். மீறியது நாங்கள்!

ஆம்புலன்ஸ் மலையேறியது. வழி முழுக்க நான்தான் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுத் திண்ணையில் ஆயாவைக் கிடத்தியதும் மாமா சொன்னார், "போதும்டா, உட்டுடு." விட்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு கேள்வி: நான்தான் கொன்னேனா?

பதில் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

1860ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் சட்டவிரோதமாகச் செய்யாமல் விடுவதும் ஒரு செயலாகவே இருந்தது. தற்கொலைக்குத் துணைபோவது தனிக் குற்றம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் டாக்டருக்குக் குழாயை எடுக்கப் பயம். 1996ல் ஞான் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாகும் உரிமை கிடையாது என்றது. ஆனால் கண்ணியமான வாழ்வுக்குள் கண்ணியமான முடிவும் அடக்கம் என்றது. 2006ல் சட்ட ஆணையத்தின் 196ஆம் அறிக்கை நேராகவே பேசியது: நோயாளி சிகிச்சையை மறுப்பது தற்கொலை முயற்சி அல்ல, அதை ஏற்கும் மருத்துவர் குற்றவாளி அல்ல. அறிக்கையின் தலைப்பிலேயே நோயாளிக்கும் மருத்துவருக்கும் பாதுகாப்பு என்று இருந்தது. வரைவு மசோதாவும் இணைத்தார்கள். அது சட்டமாகவில்லை.

பிறகு அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர். 1973 நவம்பரில் தாக்கப்பட்டவர், 2015 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது சக ஊழியர்கள். 2011 தீர்ப்பு அவர் விஷயத்தில் அனுமதி தரவில்லை; ஆனால் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியைத் திறந்தது. ஆயா செத்தபோது இருந்த ஒரே வழி அதுதான். வெள்ளிமலையிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு யார் போவது?

2018 மார்ச் 9ல் 'காமன் காஸ்' வழக்கில் ஐந்து நீதிபதிகள், முன்கூட்டியே எழுதிவைக்கும் உயில் செல்லும் என்றார்கள். ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் குழு என்று படிகள் அதிகம். 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். மருத்துவமனைக்குள் மூன்று டாக்டர்கள் கொண்ட முதல் குழு, அதன்பின் இரண்டாம் குழு, முடிந்தவரை 48 மணி நேரத்தில் முடிவு. உயில் எழுதாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. இப்படிப் போனால் டாக்டருக்குப் பயம் வேண்டாம், பொறுப்பைக் கைநாட்டில் தள்ளவும் வேண்டாம். 2025 ஜனவரியில் கர்நாடகம் இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கையே விட்டது.

எங்க மலைக்குச் சட்டம் எப்போதுமே லேட்டாகத்தான் வரும். நாடு 1947ல் விடுதலையானது. கல்வராயன் மலையில் ஜாகிர்தார்கள் ஆட்சி முடிந்தது 1976ல். இடைப்பட்ட வருஷங்களில் ஆயா ஜாகிருக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை பார்த்தவர். அவருக்குச் சட்டம் என்றால், யாரோ நீட்டுற தாளில் ரேகை வைப்பது. சாகும்போதும் அவர் மகன் அதைத்தான் செய்தார்.

2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு ஆயா அங்கே கிடந்தால், அந்தக் குழுவைக் கேட்கலாம் என்று அவர் வீட்டாருக்கு யார் சொல்வார்கள்?

நான் கொல்லவில்லை என்று இப்போது தெரியும். நோய்தான் கொன்றது. ஆனால் அந்தக் கையை நான் தனியாக எடுத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு டாக்டர் நின்றிருக்கலாம்.