இது சாணி போடுமா?



எங்கள் பழைய பவர் டில்லர் மறுபடியும் வயலில் இறங்கிய படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். "எதுக்கு சார் இதுக்குப் போய்ச் செலவு பண்ணுறீங்க? வாடகை டிராக்டர் வந்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டுப் போயிருமே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984-ஆம் வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சிவகிரியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல், மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் எலுமிச்சைத் தோப்பு, ஒரு ஜோடி உழவு மாடு. அந்த வருஷம் பிசான உழவு நேரத்தில் ஒரு மாட்டுக்குக் காலில் புண். உழவு தள்ளிப் போயிற்று. நான்தான் பேங்க் லோனுக்கு எழுதிப் போட்டேன். மாடுகளை விற்றால்தான் முன்பணம் கட்ட முடியும். படித்த மகன் சொல்கிறானே என்று அப்பா ஒத்துக்கொண்டார். வியாபாரி மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போன அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

டில்லர் வந்து இறங்கியதும் தெருவே கூடி நின்று பார்த்தது. அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம், "எல்லாம் சரிதான்டே. இது சாணி போடுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த எந்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் எந்திரத்தைச் சுவிட்சர்லாந்தின் கொன்ராட் ஃபான் மேயன்பர்க் 1910 வாக்கில் உருவாக்கினார். ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912-ல் தன் அப்பாவின் பண்ணையில் நீராவி டிராக்டர் எஞ்சினோடு கத்திகளை இணைத்துச் சோதனை செய்தார். முதலில் மண் பக்கவாட்டில் வாரி இறைத்தது. கத்தியை 'எல்' எழுத்து வடிவில் வளைத்த பிறகுதான் அது சரியாயிற்று. 1922-ல் கம்பெனி தொடங்கினார், 1938-ல் இங்கிலாந்துக்குப் போனார். அமெரிக்காவில் பெஞ்சமின் கிரேவ்லி என்ற போட்டோ ஸ்டுடியோக்காரர் 1916-ல் நடந்து ஓட்டும் தோட்ட டிராக்டருக்குக் காப்புரிமை வாங்கினார். அங்கெல்லாம் இவை பெரும்பாலும் காய்கறித் தோட்டத்துக்கும் நாற்றுப் பண்ணைக்கும்தான். இன்றைக்கும் அந்த நாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் பழைய தோட்ட டிராக்டர்களைத் தேடி வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறார்கள்.

சின்னச் சின்ன வயல்களை உடைய ஜப்பான், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த வகை எந்திரத்தை நெல் வயலில் பரவலாக இறக்கியது. அந்த வழியாகத்தான் 1960-களில் அது இந்தியாவுக்கு வந்தது. 1967-ல் பெங்களூரில் வி.எஸ்.டி. கம்பெனி மிட்சுபிஷியோடு சேர்ந்தது. 1973-ல் கேரள அரசின் காம்கோ நிறுவனம் தொடங்கி, அத்தாணியில் குபோட்டா தொழில்நுட்பத்தில் டில்லர் செய்தது.

அப்பாவின் கேள்விக்கு நான் பதில் தேடியது பல வருஷம் கழித்துத்தான். இலங்கையில் ரே விஜேவர்தன (1924–2010) என்று ஒரு பொறியாளர் இருந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். 1950-களில் அவர் வடிவமைத்த நடந்து ஓட்டும் டிராக்டரை இங்கிலாந்தின் லேண்ட்மாஸ்டர் கம்பெனி தயாரித்தது. இலங்கையில் இருசக்கர டிராக்டர் என்றாலே 'லேண்ட்மாஸ்டர்' என்று சொல்லும் அளவுக்குப் பரவியது.

அதே மனிதர் பின்னாளில் தன் எந்திரத்தைத் தானே கேள்வி கேட்டார். எருமை பால் தரும், எரு தரும், கன்று போடும். டிராக்டர் இதில் எதுவும் செய்யாது. அதற்கு எண்ணெயையும் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். எருமையை எந்திரமாக்கினோமே தவிர, விவசாயத்தை மேம்படுத்தவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் பொறியாளர் பல வருஷ அனுபவத்தில் கண்டதை, எங்கள் அப்பா டில்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டுவிட்டார். அப்போது அப்பா இல்லை.

மாடு போன பிறகு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எருக்குழியைத் தூர்த்து அந்த இடத்தில் பாத்ரூம் கட்டினோம். வருஷா வருஷம் யூரியா மூட்டை கூடியது. மண் இறுகியது. டில்லர் இருபது வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் உழைத்தது. பிறகு வாடகை டிராக்டர் வந்தது, டில்லர் தொழுவத்துக்குள் போயிற்று. கத்தி மூடிக்கு அடியில் கோழி அடைகாத்தது.

போன வருஷம் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் விலை பேசினார். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து வந்தவன் என் பழைய மாணவன் ஒருவன். ஒன்பதாம் வகுப்பில் என் பாட வேளையில் ஜன்னல் வழியாக லாரி எண்ணிக்கொண்டிருந்தவன். இப்போது நல்ல மெக்கானிக். "சார், இதை எடைக்குப் போடாதீங்க. இதுல நம்மால கழற்ற முடியாத பாகம் ஒண்ணுகூடக் கிடையாது" என்றான்.

பிஸ்டன் இறுகியிருந்தது. அடித்துத் திருப்பினால் ரிங் உடையும் என்று, நாஸிலைக் கழற்றி டீசலை ஊற்றி நாலு நாள் ஊறவிட்டான். பிறகு ஃப்ளைவீலை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தான். டேங்கில் பழைய டீசல் அல்வா மாதிரி கிடந்தது. நாஸிலை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து வாங்கினோம். வால்வு கிரைண்டிங் செய்தோம், ஆயில் சீல் மாற்றினோம். மூன்று பெல்ட்டில் ஒன்றுதான் வெடித்திருந்தது, ஆனாலும் மூன்றையும் மாற்றச் சொன்னான். தளர்ந்த பெல்ட்டும் புது பெல்ட்டும் சேர்ந்து சுமை இழுக்காதாம்.

புதுக் கத்திகளை நான்தான் பூட்டினேன். ஓட்டிப் பார்த்தால் மண் ஒரு பக்கமாகக் குவிகிறது. இடது கத்தி இரண்டை வலது பக்கம் மாட்டியிருந்தேன். "பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போது இடது, வலதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க" என்று சிரித்தான். அப்படியானால் பாடத்தைக் கவனித்திருக்கிறான்!

பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். கைப்பிடியில் அப்பா சுற்றிவைத்த சைக்கிள் டியூப் அப்படியே இருக்கிறது. டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலைச் சுற்றி, வேகம் வந்ததும் லிவரை விட, ஏழாவது தடவை புகை கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. (வீட்டில் பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: ஹேண்டில் சுற்றும்போது கட்டை விரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் எதிர்த்து அடித்தால் கை முறியும்.)

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். விஜேவர்தன தன் தவற்றைச் சொன்னதோடு நிற்கவில்லை. வேலியிலும் வரிசையிலும் கிளைரிசிடியா நட்டு, அதன் தழையை மண்ணுக்குக் கொடுங்கள் என்று கடைசிவரை சொல்லி வந்தார். மாடு வளர்க்க என் முழங்கால் இடம் தராது. அதனால் இந்த முறை நடவுக்கு முன்னால் வயலில் தக்கைப்பூண்டு விதைத்தேன். பூக்கும் பருவத்தில் கேஜ் வீல் மாட்டி, டில்லரால் மடக்கி உழுதோம். கத்தியில் தண்டு சுற்றிக்கொள்ளத்தான் செய்தது. எஞ்சினை நிறுத்தி அரிவாளால் அறுத்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். தோப்பில் பெரிய டிராக்டர் நுழையாத வரிசைகளில் களை எடுக்கவும் இது போகும். எலுமிச்சையின் வேர் மேலோட்டமானது என்பதால் ஆழமாக விடுவதில்லை. வேலி ஓரம் கிளைரிசிடியா போத்து ஊன்றியிருக்கிறேன்.

டில்லர் சாணி போடாதுதான் அப்பா. மாடு செய்த வேலையில் பாதியைத்தான் அது செய்யும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. மீதிப் பாதியை நான் செய்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் கழித்து ஆரம்பித்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுத் தொழுவத்திலும் இப்படி ஒன்று கிடந்தால், இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். மெக்கானிக்கோடு வருகிறேன். கத்தி மட்டும் அவனே பூட்டட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், சிவகிரி.