யாருக்கு எந்த டீம்? - டிராஃப்ட், ஃப்ரீ ஏஜென்சி வந்த கதை

2006-ல் புனேயில் பேச்சிலராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. ஃபுட்பால் என்றதும் நம்ம கால்பந்து என்று நினைத்துவிடாதீர்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நீளப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். டீமும் நிஜ டீம் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டீம்.

ஆன்லைன் லீக் அது. 32 டீம், 32 முதலாளிகள், முக்கால்வாசிப் பேர் அமெரிக்கர்கள். இந்தியாவிலிருந்து நான் ஒருத்தன்தான். ஜாய்ஸ்டிக் கிடையாது, பந்தைத் தொடவே முடியாது. திரை முழுக்க எண்கள்: யாருக்கு எவ்வளவு வேகம், என்ன சம்பளம், ஒப்பந்தம் எப்போது முடிகிறது. ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். ஜிம் கிண்டின் என்பவர் 1998-ல் கொண்டுவந்த 'ஃப்ரண்ட் ஆஃபீஸ் ஃபுட்பால்' இந்த ரகத்தில் பேர் போனது. ஆள் சேர்ப்பதுதான் நமக்கு வேலை, அதற்கு இரண்டே வழி. ஒன்று டிராஃப்ட். காலேஜ் முடித்து வரும் பையன்களை டீம்கள் வரிசைப்படி ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொள்ளும். போன சீசனில் கடைசியாக வந்த டீமுக்கு முதல் சான்ஸ். இன்னொன்று ஃப்ரீ ஏஜென்சி. ஒப்பந்தம் முடிந்த ஆள், பிடித்த டீமுக்குப் போகலாம்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ராத்திரி எட்டு மணி என்றால் கோடையில் நமக்குக் காலை ஐந்தரை. டிராஃப்ட் நடக்கிற நாட்களில் அலாரம் வைத்து எழுந்திருப்பேன். பால்காரர் வருவதற்குள் ஒரு லைன்பேக்கரை எடுத்திருப்பேன்.

அப்படி நாலாவது ரவுண்டில் கிடைத்தவன் ஒருத்தன். லெஃப்ட் டேக்கிள், அதாவது பந்தை எறிகிறவனின் முதுகுப் பக்கம் காவல் நிற்கிற ஆள். யாரும் சீந்தாத பையன். நாலு சீசன் ஆடவைத்து, எண்கள் ஏறி ஏறி, லீக்கிலேயே நல்ல ஆளாகிவிட்டான். ஒப்பந்தம் முடிந்தது. வேறு டீம் கூடுதலாகக் கொடுத்தது, போய்விட்டான். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! 'நான்தானேடா உன்னை ஆளாக்கினேன், நன்றி கெட்டவனே' என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் பெற்றுப் போட்ட பிள்ளையிடம்!

மூன்றாவது நாள்தான் உறைத்தது. இதே வசனத்தை நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். 2003-ல் கேம்பஸில் என்னை எடுத்த முதல் கம்பெனியில் இரண்டு வருட பாண்ட். டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினலை அவர்கள் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். நடுவில் நல்ல வேலை வந்து கேட்டபோது ஹெச்.ஆர். மேடம், 'ட்ரெய்னிங் கொடுத்து உன்னை ஆளாக்கினது நாங்கதானே' என்றார். வாயை மூடிக்கொண்டு மிச்ச மாதங்களை ஓட்டினேன். ராத்திரியில் நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே சொல்கிறேனே என்று தோன்றியதும், இந்த விதிகளை யார் போட்டது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆரம்பம் ஃபிலடெல்ஃபியாவில். ஈகிள்ஸ் என்ற டீமின் முதலாளி பெர்ட் பெல். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆனால் டீம் படு மோசம். 1935-ல் 11 ஆட்டத்தில் 9 தோல்வி. அப்போது டிராஃப்ட் கிடையாது. காலேஜ் முடித்த பையன் எந்த டீமோடு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். ஜெயிக்கிற டீமும் பணம் உள்ள டீமும் நல்லவர்களை அள்ளிப்போகும். மினசோட்டா பல்கலைக்கழகத்து ஸ்டான் கோஸ்ட்கா என்ற பையனுக்காக பெல்லும் புரூக்ளின்காரர்களும் மாறி மாறி விலை ஏற்றினார்கள். கடைசியில் புரூக்ளின் தட்டிக்கொண்டு போனது. நொந்துபோன பெல் 1935 மே மாதம் மற்ற முதலாளிகளிடம் யோசனையை வைத்தார்: கடைசி டீம் முதலில் எடுக்கட்டும், எடுத்த பையனோடு வேறு யாரும் பேசக்கூடாது. ஜெயிக்கிற முதலாளிகளும் ஒத்துக்கொண்டார்கள்.

ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். எல்லா டீமும் சமமாக இருந்தால் ஆட்டம் சுவாரசியம், கூட்டம் வரும் என்பது ஒரு காரணம், உண்மையும்கூட. ஆனால் ஒரு பையனோடு ஒரு டீம்தான் பேசும் என்றால் அவனால் விலை ஏற்ற முடியாது. இது எல்லா முதலாளிக்கும் லாபம். சமத்துவம் டீம்களுக்கு மட்டும்தான் :-)

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8-ல், ஃபிலடெல்ஃபியா ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில். 9 டீம், 9 ரவுண்டு, 81 பேர். முதல் பெயர் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகம். ஹைஸ்மன் கோப்பை வாங்கிய முதல் ஆள். ஈகிள்ஸ் அவரை எடுத்துவிட்டு, சம்பளம் கட்டுப்படியாகாமல் உரிமையை சிகாகோ பேர்ஸுக்குத் தள்ளிவிட்டது. அங்கேயும் பேரம் படியவில்லை. மனிதர் ஃபோம் ரப்பர் விற்கப் போய்விட்டார். என்.எஃப்.எல். வரலாற்றின் முதல் டிராஃப்ட் தேர்வு, என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எங்கள் ஆன்லைன் லீக்கில் இந்த வசதி கிடையாது. எடுத்தவன் வந்தே ஆகணும்.

உள்ளே வந்தவனுக்கு வெளியே போகிற வழி? பேருக்கு ஒன்று இருந்தது. 1963 முதல், ஒப்பந்தம் முடிந்த ஆளை வேறு டீம் சேர்த்துக்கொண்டால், பழைய டீமுக்கு நஷ்டஈடாக வேறு ஆட்களையோ டிராஃப்ட் வாய்ப்புகளையோ தரவேண்டும். எவ்வளவு என்று லீக் கமிஷனர் பீட் ரோசெல் முடிவு செய்வார். என்ன கேட்பார் என்று முன்கூட்டியே தெரியாது. பிறகு எவன் துணிந்து ஆள் எடுப்பான்? இதற்கு 'ரோசெல் விதி' என்றே பெயர்.

இதை எதிர்த்து நின்றவர் ஜான் மேக்கி, பால்டிமோர் கோல்ட்ஸ் வீரர், வீரர்கள் சங்கத்தின் தலைவர். வழக்குப் போட்டு 1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார். பின்னாளில் மேக்கிக்கு மறதி நோய் வந்தது. நோயுற்ற பழைய வீரர்களுக்காக 2007-ல் லீக்கும் சங்கமும் தொடங்கிய உதவித் திட்டத்துக்கு அவருடைய ஜெர்சி எண்ணை வைத்து '88 திட்டம்' என்று பெயர் வந்தது. 2011-ல் இறந்தார்.

டிராஃப்ட்டையே கோர்ட்டுக்கு இழுத்தவரும் ஒருவர் உண்டு. 'யாஸூ' ஸ்மித், 1968-ல் வாஷிங்டன் டீம் முதல் ரவுண்டில் எடுத்த ஆள். முதல் சீசனின் கடைசி ஆட்டத்தில் கழுத்து உடைந்து, ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. பல டீம்களோடு பேச முடிந்திருந்தால், அடிபட்டாலும் பணம் வருகிற மாதிரி ஒப்பந்தம் போட்டிருப்பேன், டிராஃப்ட்தான் அதைத் தடுத்தது என்பது அவர் வாதம். 1976-ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 1978-ல் மேல்முறையீட்டிலும் டிராஃப்ட் சட்டவிரோதம் என்பது நின்றது. அப்புறம் எப்படி இன்றும் நடக்கிறது? 1977-ல் சங்கமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. தொழிலாளர் சங்கம் சம்மதித்தால் சட்டத்தில் விலக்கு உண்டு.

அதே 1977 ஒப்பந்தத்தில் மேக்கி வாங்கித் தந்த சுதந்திரமும் போனது. ஆளை எடுத்தால் டிராஃப்ட் வாய்ப்புகளைத் தரவேண்டும் என்று புது ரூபத்தில் பழைய கதை. விலை வைத்து ஒரு பெரிய வீரர் டீம் மாற 1988 வரை ஆனது. வில்பர் மார்ஷல் என்பவரை வாஷிங்டன் இரண்டு முதல் ரவுண்டு வாய்ப்புகளைக் கொடுத்து எடுத்தது. நடுவே 1982-ல் 57 நாள் ஸ்டிரைக். 1987-ல் மறுபடி ஸ்டிரைக், முதலாளிகள் வேறு ஆட்களைப் பிடித்து ஆட்டத்தை நடத்திவிட்டார்கள். சங்கம் படுத்துவிட்டது.

1989-ல் சங்கம் ஒரு விசித்திரமான வேலை செய்தது. தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. சங்கமே இல்லை என்றால் 'சங்கத்தின் சம்மதம்' என்கிற கவசமும் லீக்குக்கு இல்லை. (இதை யோசித்த வக்கீலுக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கித் தரலாம்.) 1992-ல் ஃப்ரீமன் மெக்னீல் என்ற நியூயார்க் ஜெட்ஸ் வீரரும் இன்னும் ஏழு பேரும் தொடுத்த வழக்கில் மினியாபொலிஸ் ஜூரி, லீக்கின் கட்டுப்பாடுகள் தவறு என்றது. உடனே ரெஜி வைட் என்ற மலை போன்ற மனிதர் எல்லா வீரர்கள் சார்பிலும் அடுத்த வழக்கைப் போட்டார். லீக் இறங்கி வந்தது. 1993-ல் நிஜமான ஃப்ரீ ஏஜென்சி பிறந்தது. ரெஜி வைட் 4 வருடத்துக்கு 1.7 கோடி டாலர் வாங்கிக்கொண்டு க்ரீன் பே போனார். எந்த டீமிலிருந்து தெரியுமா? ஈகிள்ஸ். பெர்ட் பெல் ஆரம்பித்த அதே ஃபிலடெல்ஃபியா டீம்.

இலவசமாகக் கிடைக்கவில்லை. பதிலுக்கு 1994-லிருந்து சம்பள உச்சவரம்பு, டீமுக்கு 3.46 கோடி டாலர். 2024-ல் அது 25.54 கோடி. டிராஃப்ட்டும் 12 ரவுண்டிலிருந்து 7-க்கு இறங்கியது. எங்கள் லீக்கில் இருந்தது அந்த 7 ரவுண்டுதான். நான் 'ஃப்ரீ ஏஜென்சி தொடங்குகிறது' என்று ஒரு பட்டனை அழுத்திக் கடந்த இடத்துக்கு அவர்கள் 1936-லிருந்து 57 வருடம் நடந்திருக்கிறார்கள்.

நம்ம ஊரிலும் டிராஃப்ட் எட்டிப் பார்த்தது. 2008 ஐ.பி.எல்.லில் பெரிய ஆட்களுக்கு ஏலம், அண்டர்-19 பையன்களுக்கு மட்டும் டிராஃப்ட். முதல் வாய்ப்பு டெல்லிக்கு. உள்ளூர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு பவுலர் பிரதீப் சங்வானை எடுத்தார்கள். கோலி பெங்களூர் போனார்.

என் லெஃப்ட் டேக்கிள் விஷயம்: அடுத்த மூன்று சீசனும் எதிர் டீமில் அமர்க்களமாக ஆடினான். முப்பத்தோரு வயதில் ஒப்பந்தம் முடிந்து மறுபடி சந்தைக்கு வந்தான். எண்கள் இறங்கியிருந்தன. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு ஆஃபர் அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கையெழுத்துப் போட்டிருந்தான், போன தடவை நான் தர மறுத்த அதே தொகைக்கு.