ஒதுக்கப்பட்ட இரும்பு

ரிங்லெட்டில் 1960களில் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பாய்ந்து மின்சாரம் தருவதைக் கேமரன் மலைவாசிகள் அறிவார்கள். அம்மின்சாரம் ஓடும்போது கம்பி சூடேறுகிறது. அந்தச் சூடு அவ்வளவும் இழப்பே. இதற்குக் காரணம் மின்தடை. மின்தடையே இல்லாத பொருள் உண்டா? அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1911ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில், காமர்லிங் ஒன்னஸ் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பாதரசம் சுழியத்துக்குக் கீழ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்டது. அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. இத்தகைய பொருளே மீக்கடத்தி.

இதற்கான காரணத்தை 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்னும் மூவர் விளக்கினர். எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்து தடையின்றி ஓடுகின்றன. ஒவ்வோர் எலெக்ட்ரானுக்கும் பம்பரம் போன்ற ஒரு தற்சுழற்சி உண்டு. அதனால் அது ஒரு நுண்ணிய காந்தம். இணையில் ஒன்றின் காந்தம் மேல்நோக்கினால் மற்றதன் காந்தம் கீழ்நோக்கும். இடையே காந்த அணு புகுந்தால் இணை முறியும். 1958இல் மத்தையாஸ் குழுவினர் லாந்தனத்தில் சிறிதளவு கடோலினியம் கலந்தபோது அதுவே நடந்தது. காந்தத்துக்குப் பெயர்போன இரும்பு, மீக்கடத்திக்குப் பகை என்று ஒதுக்கப்பட்டது.

1986இல் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்சைடு வகையில் புதிய மீக்கடத்தியைக் கண்டனர். மறு ஆண்டு பிரின்ஸ்டனில் ஆண்டர்சனும், பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆய்ந்த தமிழரான கணபதி பாஸ்கரனும் ஒரு புதிய கருத்தை வளர்த்தனர். காந்தம் இணையை முறிப்பது மட்டுமன்று, இணையை உண்டாக்கவும் கூடும் என்பதே அது.

2008இல் இரும்பின் முறை வந்தது. ஜப்பானில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்த ஹிடேயோ ஹோசோனோவின் குழு, இரும்பும் லாந்தனமும் ஆக்சிஜனும் பாஷாணத்தின் மூலப்பொருளான ஆர்சனிக்கும் சேர்ந்த பொருளில் சிறிது ஃப்ளூரினைப் புகுத்தியது. சுழியத்துக்குக் கீழ் 247 டிகிரியிலேயே மின்தடை மறையத் தொடங்கியது. சில மாதங்களில் இவ்வகைப் பொருள்களில் அது 218 டிகிரி வரை உயர்ந்தது.

கொழுந்து பறிப்போரை எண்ணிப் பாருங்கள். நிரையில் ஒருவர் மேட்டை நோக்கியும், அடுத்தவர் பள்ளத்தை நோக்கியும் அசையாமல் நிற்பதாகக் கொள்வோம். ஃப்ளூரின் சேராத பொருளில், குளிர் நிலையில், இரும்பின் நுண்காந்தங்கள் இப்படித்தான் ஒழுங்காக நிற்கின்றன. ஃப்ளூரின் சேர்ந்ததும் ஒழுங்கு குலைகிறது. ஆனாலும் ஒருவர் திரும்பினால் அடுத்தவர் எதிர்ப்பக்கம் திரும்புகிறார். அந்த அசைவு நிரை நெடுகப் பரவுகிறது. இதுவே தற்சுழற்சி அலைவு. இவ்வலைவே எலெக்ட்ரான்களைப் பிணைக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. நியூட்ரான்களைச் செலுத்தி ஆராய்ந்தபோது, மீக்கடத்தும் நிலை வரும்போதே அலைவும் மாறுவது 2008இல் தெரிந்தது. எனினும் வழக்கு இன்னும் முழுதும் தீரவில்லை.

இப்பொருள்கள் கடுங்குளிரில்தான் பயன்படும், எளிதில் நொறுங்கும். நம் வீட்டுக் கம்பியாக அவை இன்னும் வரவில்லை. ஆயினும், ஆகாதென்று அரை நூற்றாண்டு ஒதுக்கிவைத்த இரும்பு, சோதித்தபின் உள்ளே வந்துவிட்டது. பகையென்று கருதப்பட்ட அதன் காந்தமே துணையாக நிற்கக்கூடும் என்பதுதான் இவ்வரலாறு தரும் வியப்பு.