கல்லும் கள்ளியும் ஒரு பாஸ்போர்ட் நகலும்

கரும்பு வெட்டு முடிஞ்சு, கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. பயிர், மழை, ஆள் கூலின்னே எழுதிக்கிட்டு இருந்தவன், இந்த முறை காகிதத்தைப் பத்தி எழுதப் போறேன்.

போன மாசம் பம்புசெட் கொட்டாய்க்கு வெள்ளை அடிக்க ஒருத்தர் வந்தார். அறுபதைத் தாண்டினவர். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்தான் வீடு. திருவள்ளூர் பக்கம் ஒரு பெயிண்டிங் மேஸ்திரியிடம் வேலை. மதியம் வேப்பமரத்தடியில் சோறு சாப்பிடும்போது, வரப்போரம் நிற்கும் எல்லைக்கல்லைப் பார்த்துக்கிட்டே கேட்டார்.

"தம்பி, இந்தக் கழனி ஒங்களுதுன்னு எப்படி நிரூபிப்பீங்க?"

"பட்டா இருக்குண்ணே. பத்திரம் இருக்கு."

"அது ரெண்டும் தொலைஞ்சு போச்சுன்னா?"

"பக்கத்துக் கழனிக்காரங்க சொல்லுவாங்க. ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"எனக்கும் சொல்றதுக்கு ஆளு இருந்தாங்க தம்பி. எல்லாரும் செத்துப் போயிட்டாங்க."

அப்புறம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். முகாம் அட்டை, ஆதார் அட்டை, மங்கிப்போன ஒரு நகல். அவர் அப்பாவின் இந்திய பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பக்கம். பிள்ளைகள் பெயர் எழுதிய பக்கம். மூணாவதா இவர் பெயர். எண், தேதி, முத்திரை இருக்க வேண்டிய பக்கம் இல்லை.

அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எங்க ஊர் கதையை வெச்சுத்தான் அதை எனக்கு நானே விளக்கிக்க முடிஞ்சுது. அதனால ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திருவாலங்காட்டுக்கு வந்தவங்க ரத்தினசபையையும் காரைக்கால் அம்மையாரையும் கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. சரித்திரம் படிக்கிறவங்களுக்கு இந்த ஊர்ப் பெயர் வேற ஒண்ணுக்காகப் பரிச்சயம். 1905-ல் இங்கே கிடைத்த செப்பேடுகள். மொத்தம் 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில், பக்கத்திலிருக்கும் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததற்கான ஆவணம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பத்திரம்னு வெச்சுக்கோங்க.

அந்தப் பத்திரம் எப்படி உருவாச்சுங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ராஜா ஆணையை ஓலையில் எழுதி அனுப்பினதோட வேலை முடியலை. அந்த நாட்டார், அதாவது சுத்துப்பட்டு ஊர்க்காரங்க, ஒரு பெண் யானையை நடக்கவிட்டு எல்லை முழுக்கச் சுத்தி வந்தாங்க. எந்த வாய்க்கால், எந்த ஏரிக்கரைன்னு பார்த்துக்கிட்டே போய், கல் நட்டாங்க, கள்ளி நட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஓலை எழுதிக் கொடுத்தாங்க. அந்த மண்ணைத் தெரிஞ்சவங்க காலால் நடந்து பார்த்து எழுதின காகிதம் அது.

அதே பழையனூரில் இன்னொரு கதையும் உண்டு. நீலி கதை. நீலிங்கிற பேய் ஒரு செட்டியைத் துரத்திக்கிட்டு வருது. கள்ளிக்கொம்பை ஒடிச்சுக் குழந்தையாக்கி இடுப்பில் வெச்சுக்கிட்டு, "இவர்தான் என் புருஷன்"னு ஊர்ப் பஞ்சாயத்தில் நிக்குது. செட்டி இல்லைன்னு கதறுறான். குழந்தை அவனை அப்பான்னு கூப்பிடுது. 70 வேளாளர்கள் குழந்தையைச் சாட்சியா எடுத்துக்கிட்டு, "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க உயிரைக் கொடுக்கிறோம்"னு சொல்லி அவனை அவளோட தங்க வைக்கிறாங்க. விடிஞ்சா செட்டி பிணம். 70 பேரும் சொன்ன சொல்லுக்குத் தீயில் இறங்கினாங்க. சாட்சி பூதேஸ்வரர் கோயில் இன்னைக்கும் இங்க இருக்கு.

ஒரே கள்ளி. ஒரு இடத்தில் உண்மையான எல்லைக்குச் சாட்சி, இன்னொரு இடத்தில் பொய்க் குழந்தை. அதனால "அந்தக் காலத்தில் எல்லாம் வாய்ச்சொல்தான், காகிதமே வேண்டாம்"னு நான் சொல்ல மாட்டேன். வாய்ச்சொல்லும் ஏமாறும். ஆனா ரெண்டு கதையிலும் பொதுவா ஒண்ணு இருக்கு. சாட்சி சொன்னவங்க அந்த ஊர்க்காரங்க. தப்பாப் போனா பதில் சொல்ல வேண்டியவங்களும் அவங்கதான்.

இப்போ அந்த அண்ணன் கதைக்கு வரேன்.

19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம் போட வெள்ளைக்காரங்களுக்கு ஆள் தேவைப்பட்டுது. இங்கே பஞ்சம், அங்கே கூலி. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கிட்டுப் போனார். போன நாளிலிருந்தே அவங்க மேல காகிதம் ஏறிடுச்சு. தோட்டத்தின் அடையாளமும் ஆளுடைய எண்ணும் குத்தின தகர வில்லை ஒண்ணைக் கயித்தில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்பிய காலம் உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா 'துண்டு' வேணும். பாக்கி எவ்வளவுன்னு எழுதின சீட்டு அது. கடனைத் தீர்க்காம விடுதலை இல்லை. 1921-ல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. தினமும் பேர் போடுற செக்ரோல் தோட்டத்து ஆபீசில் இருந்துது.

கவனிச்சீங்களா? அத்தனை காகிதமும் அவங்களைப் பத்தினது. எதுவும் அவங்க கையில் இல்லை.

1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம் வந்துது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்துது. நீ இங்கே பிறந்தது போதாது, உன் அப்பா இங்கே பிறந்திருக்கணும், அதை நிரூபின்னு கேட்டுது. லயத்தில் பிறந்த அப்பாவுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்குத் தனிச் சட்டம். இதில் கேட்டது நிரந்தர வசிப்புக்கான ஆதாரம். 1946 ஜனவரி 1-க்கு முன்னால், கல்யாணம் ஆனவங்க 7 வருஷமும், ஆகாதவங்க 10 வருஷமும் விட்டுப் போகாம அங்கேயே இருந்திருக்கணும். நடுவில் வருஷக் கணக்கில் ஊருக்குப் போயிருந்தா கணக்கு அறுந்துடும். அதே 1949-ல் பெரும்பாலானவங்களோட ஓட்டுரிமையும் போச்சு.

ஆரம்பத்தில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் இந்தச் சட்டத்தை எதிர்த்து, மனு போடாதீங்கன்னு சொன்னது. பிறகு மனசு மாறி, போடுங்கன்னு சொன்னது. 1951 ஆகஸ்டில் கெடு. கடைசி மாசங்களில் மனுக்கள் குவிஞ்சுது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க மனு போட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல இழுத்து, கிடைச்சது ஒண்ணேகால் லட்சம் சொச்சம் பேருக்கு. ஊர்த் திருவிழாவுக்குப் போனது, அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பினது, இதெல்லாம் கூட "இவனுக்கு இங்கே நிரந்தரமா இருக்க எண்ணமில்லை"ங்கிறதுக்கு ஆதாரமாச்சு. பெத்தவளுக்குப் பணம் அனுப்பினது குத்தம் ஆயிடுச்சு.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. நாடில்லாதவங்க 9,75,000 பேர்னு கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000-ன்னு பிரிச்சுக்கிட்டாங்க. நெல்லு மூட்டையைப் பாகம் பிரிக்கிற மாதிரிதான். யாரையும் கேட்கலை.

எங்க அண்ணன் அப்பா இந்தியாவுக்கு மனு போட்டார். 1976-ல் பாஸ்போர்ட் வந்துது, பிள்ளைகள் பெயரோட. அப்போ இவருக்குப் பதிமூணு வயசு. ஏன் உடனே கப்பல் ஏறலைன்னு கேட்டேன்.

"தோட்டத்துல சேமநிதிக் காசு வரணும் தம்பி. அது இல்லாம இங்க வந்து என்னத்தைத் திங்கறது? இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்தோம். எழுபத்தேழுல அடிதடி வந்துச்சு. வவுனியா பக்கம் ஓடிட்டோம். அப்புறம் கப்பலே நின்னு போச்சு."

தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் 1984-ல் சண்டையால் நின்னது. இந்தியக் குடிமக்கள்னு பதிவானவங்க பல்லாயிரம் பேர் அக்கரையிலேயே மாட்டிக்கிட்டாங்க. இவர் குடும்பம் 1990-ல் மன்னாரிலிருந்து படகு ஏறி வந்துது. பாஸ்போர்ட் வவுனியாக் குடிசையோட போச்சு. இங்கே இறங்கினதும் எழுதின முதல் வரி: இலங்கை அகதி. பதிவு நடந்த இடம் மண்டபம். தோட்டத்துக்குப் போற கூலிகளைத் தங்கவெச்சுச் சோதிச்சு அனுப்பின அதே மண்டபம் முகாம். தாத்தா அந்த வழியாத்தான் போனாராம். பேரன் அந்த வழியாத் திரும்பி வந்தார். போகும்போது இந்தியக் கூலி, வரும்போது இலங்கை அகதி.

கப்பலில் முறையா வந்தவங்களுக்கு அரசு சில வழிகள் செஞ்சுது. நீலகிரியில் டான்டீ தோட்டங்கள், கடனுக்கு ரெப்கோ வங்கி. படகில் வந்தவங்களுக்கு முகாம், மாசப் பணம், அரிசி. 2021-ல் தமிழ்நாடு அரசு பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்துச்சு. பேர் மாறினது நல்லதுதான். அட்டை மாறலை.

இப்போ அவர் கவலை தனக்காக இல்லை, மகளுக்காக. 1994-ல் முகாமில் பிறந்த பொண்ணு. பி.காம் முடிச்சிருக்கா. இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தா பிறப்பே போதும். அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ குடிமகனா இருக்கணும். அப்பா 1976-லேயே இந்தியக் குடிமகன்னு பதிவாகியிருந்தா மகளும் இந்தியப் பிரஜைதான்னு கேட்க வழி இருக்கு. அப்பா வெறும் அகதின்னா அவளும் அந்நியர். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு நிபந்தனை இன்னும் கடுமை. ஆக, அந்தப் பொண்ணோட வேலை, பாஸ்போர்ட், ஓட்டு எல்லாம் காணாமப் போன அந்த ஒரு பக்கத்தில் தொங்குது.

வழியே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2003-ல் இலங்கை ஒரு சட்டம் போட்டு, 1964-லிருந்து அங்கே வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்துது. 2009-ல் அதைத் திருத்தி இங்கே முகாமில் இருக்கிறவங்களுக்கும் கதவைத் திறந்துது. ஆனா முப்பது வருஷத்துக்கு மேல இங்கே இருந்தவருக்கு அங்கே யார் இருக்கா? 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படிப்பட்ட மலையகத் தமிழர்கள் போட்ட வழக்கில், அவங்க குடியுரிமை மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்கணும்னு சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

நகரத்து நண்பர்களே, உங்க வீட்டிலும் யாராவது கிரீன் கார்டுக்கோ கனடா பி.ஆருக்கோ காத்திருப்பாங்க. எந்த வருஷம் எந்த வீட்டில் இருந்தோம், எத்தனை நாள் ஊருக்குப் போனோம்னு கணக்குப் போட்டு, பழைய சம்பளச் சீட்டைத் தேடியிருப்பீங்க. அமெரிக்காவில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு வரம்பு இருக்கிறதால இந்தியர்கள் வருஷக் கணக்கில் வரிசையில் நிக்கிறாங்க. அந்த எரிச்சல் உங்களுக்குத் தெரியும். ஆனா வேலை கைகூடலைன்னா திரும்பி வர உங்களுக்கு ஒரு நாடு இருக்கு. இவங்களுக்குத் திரும்பிப் போற இடமும், இருக்கிற இடமும் ரெண்டுமே காகிதத்தில் இல்லை.

எனக்கு இது ஏன் உறைச்சுதுன்னா, எங்க ஊரும் நகராமலே முகவரி மாறின ஊர். 1911-ல் சித்தூர் ஜில்லா உருவானப்போ எங்க திருத்தணிப் பக்கம் அதில் போச்சு. 1953-ல் ஆந்திரா பிரிஞ்சப்போ நாங்க ஆந்திராக்காரங்க. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தில் சேர்ந்தோம், செங்கல்பட்டு ஜில்லாவில். 1997-லிருந்து திருவள்ளூர் மாவட்டம். எங்க தாத்தா 1957-ல் கிரயம் பண்ணின பத்திரத்தில் 'ஆந்திர மாநிலம்'னு இருக்கு. ஆனா யாரும் வந்து, "நீ எந்த ஊரு, நிரூபி"ன்னு அவரைக் கேட்கலை. கோடு மாறினப்போ காகிதம் தானா வந்து சேர்ந்துது. ஏன்னா அவர்கிட்ட நிலம் இருந்துது. தோட்டத்துக்குப் போனவங்க நிலமில்லாததால போனவங்க. மூணு தலைமுறை தேயிலை பறிச்சும் அவங்க பேரில் ஒரு கல் நடலை, ஒரு கள்ளி நடலை.

வேலை முடிஞ்ச அன்னைக்குச் சாயந்திரம், பழைய பாஸ்போர்ட் பதிவைத் தேடித் தரச் சொல்லி மனு எழுதலாம்னு உட்கார்ந்தோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமேன்னு நான் சொன்னேன். படிச்சுப் பார்த்தா, 2005-ல் வந்த அந்தச் சட்டப்படி கேட்கும் உரிமை குடிமக்களுக்குத்தான். தான் குடிமகனான்னு கேட்கிறதுக்கே குடிமகனா இருக்கணும். சாதாரண மனுவாகவே எழுதினோம். பேர், அப்பா பேர், தோட்டத்துப் பேர், டிவிஷன், லயத்து எண். எல்லாம் அவருக்கு மனப்பாடம். தேதி மட்டும் தெரியலை.

கையெழுத்துப் போட்டுட்டு என் பக்கம் தள்ளினார்.

"சாட்சின்னு ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி."

"நான் என்னண்ணே பார்த்தேன், சாட்சி சொல்ல?"

"இந்த நகலைப் பார்த்தீங்கல்ல. அதைச் சொல்லுங்க, போதும்."

பழையனூர்க்காரங்க கதை ஞாபகம் வந்துது. பேர், ஊர், சர்வே நம்பர் எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதில் இன்னும் வரலை.