மார்ட்டின் கேஷ்: கடல் கடத்தப்பட்ட ஓர் ஐரிஷ் கைதி

மார்ட்டின் கேஷ் (சுமார் 1808 – 1877) அயர்லாந்தில் பிறந்தவர். வீடு புகுந்து திருடிய குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்குக் கடத்தப்பட்டவர். பின்னாளில் தாஸ்மேனியாவில் புகழ்பெற்ற காட்டுக் கொள்ளையராக விளங்கினார். தூக்குக் கயிற்றின் அருகே வரை சென்று மீண்டவர். முதுமையில் ஒரு விவசாயியாகத் தம் வீட்டிலேயே இறந்தார்.

கடல் கடத்தும் தண்டனை

நம் ஊரில் ‘தீவாந்தர சிட்சை’ என்று முன்னோர் சொன்ன தண்டனையைப் பிரிட்டிஷ் அரசு தன் சொந்தத் தீவுகளின் மக்களுக்கும் விதித்தது. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். இவர்களில் சுமார் 40,000 பேர் அயர்லாந்திலிருந்து நேரடியாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். அரசியல் கிளர்ச்சியாளர்கள் சிலர் இவர்களில் இருந்தாலும், பெரும்பாலோர் துணி, ஆடு, மாடு, வீட்டுப் பொருள் திருடிய எளியவர்களே.

அக்காலச் சட்டம் இரவில் வீடு புகுந்து திருடுவதையும் பகலில் புகுந்து திருடுவதையும் வேறு வேறு குற்றங்களாகக் கருதியது. இரவுத் திருட்டுக்கு மரண தண்டனை வரை செல்ல இடம் இருந்தது.

பதிவேடு சொல்வதும் அவர் சொன்னதும்

கேஷ் பிறந்த ஊர் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் என்னிஸ்கார்த்தி. 1827இல் கார்க் நகரில் நடந்த விசாரணையில் அவருக்கு ஏழாண்டு கடத்தல் தண்டனை கிடைத்தது. பதிவேட்டில் உள்ள குற்றம் வீடு உடைத்துப் புகுந்தது.

ஆனால் 1870இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் வேறு கதை சொல்கிறார். தாம் காதலித்த பெண்ணோடு இன்னொருவன் நெருக்கமாக இருந்ததைக் கண்டு ஆத்திரத்தில் அவனைச் சுட்டுக் காயப்படுத்தியதாகவும், அதற்காகவே கடத்தப்பட்டதாகவும் கூறுகிறார்.

உயிருக்கே உலை வைக்கும் குற்றத்தை ஒருவர் ஏன் வலிந்து ஏற்க வேண்டும்? விடை மானத்தில் இருக்கிறது எனலாம். திருடன் என்ற பெயர் இழிவு. காதலுக்காகத் துப்பாக்கி எடுத்தவன் என்றால் கேட்பவருக்கு இரக்கம் பிறக்கும். தன்வரலாற்று நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் தம்மைப் பற்றிக் கூறுவது முக்கியமான சான்றுதான்; அது மட்டுமே சான்று ஆகிவிடாது.

சிட்னியும் வான் டீமன் தீவும்

1828 பிப்ரவரியில் ‘மார்க்விஸ் ஆஃப் ஹன்ட்லி’ என்ற கப்பல் அவரைச் சிட்னியில் இறக்கியது. கைதிகளைக் குடியேறிகளிடம் கூலியின்றி வேலை செய்ய ஒதுக்கும் முறை அப்போது இருந்தது. அவ்வாறே கேஷும் ஒரு பண்ணைக்கு அனுப்பப்பட்டார். தண்டனைக் காலம் முடிந்து விடுதலையும் பெற்றார். பின்னர் திருட்டு மாடுகளுக்குச் சூட்டுக்குறி இட்ட விவகாரத்தில் சிக்கும் நிலை வந்தபோது, பெஸ்ஸி கிளிஃபர்டு என்ற பெண்ணுடன் 1837இல் வான் டீமன் தீவுக்குப் போனார். இன்று தாஸ்மேனியா எனப்படுவது அந்தத் தீவுதான்.

அங்கே திருட்டு வழக்கொன்றில் மீண்டும் ஏழாண்டு தண்டனை பெற்றார். பலமுறை தப்பினார், பலமுறை பிடிபட்டார். கடைசியில் போர்ட் ஆர்தர் சிறைக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார்.

நாய்களின் காவலைத் தாண்டி

போர்ட் ஆர்தர் ஒரு தீபகற்பத்தில் இருக்கிறது. அதை மற்ற நிலத்தோடு இணைப்பது ஈகிள்ஹாக் நெக் என்ற குறுகிய நிலப்பட்டை. அதன் குறுக்கே படைவீரர்கள் காவல் நின்றனர். மூர்க்கமான நாய்கள் வரிசையாகச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தன. இரவில் விளக்குகள் எரிந்தன.

கேஷ் நிலத்தை விட்டு நீரைத் தேர்ந்தெடுத்தார். முதல் முறை தனியாக நீந்திக் கடந்தும் சில நாளில் பிடிபட்டார். 1842 டிசம்பர் 26 அன்று லாரன்ஸ் கவனா, ஜார்ஜ் ஜோன்ஸ் ஆகிய இருவருடன் மீண்டும் தப்பினார். தலையில் கட்டியிருந்த துணி மூட்டைகளை அலை அடித்துச் சென்றதால், மூவரும் உடையின்றியே கரையேறினர்.

அடுத்த சில மாதங்கள் ‘கேஷ் அண்ட் கோ’ என்ற பெயர் தீவெங்கும் பரவியது. வசதியான பண்ணை வீடுகளையும் விடுதிகளையும் கொள்ளையிட்டனர். தேவையின்றி யாரையும் துன்புறுத்துவதில்லை என்ற பெயரும் பெற்றனர். பெஸ்ஸி கைது செய்யப்பட்டபோது, அவரை விடுவிக்காவிட்டால் ஆளுநர் சர் ஜான் ஃபிராங்க்ளினுக்கே கசையடி கொடுப்போம் என்று மிரட்டிக் கடிதம் அனுப்பியதாகக் கேஷின் நூல் கூறுகிறது.

ஹோபார்ட் தெருவில் ஒரு மரணம்

பெஸ்ஸி வேறொருவருடன் வாழ்கிறார் என்று கேள்விப்பட்ட கேஷ், 1843 ஆகஸ்டில் துணிந்து ஹோபார்ட் நகருக்குள் நுழைந்தார். அடையாளம் காணப்பட்டுத் துரத்தப்பட்டபோது அவர் சுட்டதில் பீட்டர் வின்ஸ்டன்லி என்ற காவலர் உயிரிழந்தார். ‘கனவான் கொள்ளையர்’ என்று கேஷைப் புகழும் கதைகளில் இந்தக் காவலரின் பெயர் ஓரமாகவே வருகிறது. வரலாற்றில் அவருக்கும் இடம் உண்டு.

மரண தண்டனை விதிக்கப்பட்ட கேஷுக்குக் கடைசி நேரத்தில் அது குறைக்கப்பட்டது. கைதிகளே அஞ்சிய நார்ஃபோக் தீவுக்கு அவர் அனுப்பப்பட்டார். ஜோன்ஸ் 1844இல் ஹோபார்ட்டில் தூக்கிலிடப்பட்டார். கவனா 1846இல் நார்ஃபோக் தீவுக் கலகத்தை அடுத்துத் தூக்கிலிடப்பட்டார். மூவரில் மிஞ்சியவர் கேஷ் ஒருவரே.

இரண்டாம் வாழ்க்கை

நார்ஃபோக் தீவில் கேஷ் அடங்கிய கைதியாக மாறினார். தொப்பி முடையும் தொழிலைச் செய்தார். 1854இல் மேரி பென்னட் என்ற ஐரிஷ் கைதிப் பெண்ணை மணந்தார். தாஸ்மேனியாவுக்குத் திரும்பிய பின், ஹோபார்ட்டின் அரசுத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். ஒரு காலத்தில் அரசு தேடிய தலை, இப்போது அரசின் செடிகளைக் காத்தது. 1856இல் நிபந்தனையுடன் மன்னிப்பு கிடைத்தது. சில ஆண்டுகள் நியூசிலாந்தில் வாழ்ந்துவிட்டு, 1863இல் திரும்பி வந்து கிளெனார்க்கியில் பண்ணை வாங்கினார்.

அங்கிருந்தபடி அவர் சொல்லச் சொல்ல, முன்னாள் கைதியான ஜேம்ஸ் லெஸ்டர் பர்க் எழுதியதே அந்த 1870ஆம் ஆண்டு நூல். நூல் வந்த மறு ஆண்டே கேஷின் ஒரே மகன் இறந்தார். அந்தத் துயரிலிருந்து அவர் மீளவில்லை. 1877 ஆகஸ்டில் கேஷ் காலமானார். அவர் நீந்தித் தப்பிய போர்ட் ஆர்தர் சிறையும் அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது.

இன்று

போர்ட் ஆர்தரும், நார்ஃபோக் தீவின் கிங்ஸ்டன் குடியிருப்பும் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் அடைபட்டிருந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோருக்குப் பதிவேட்டில் ஒரு வரி மட்டுமே மிச்சம்: பெயர், குற்றம், தண்டனை, கப்பல். கேஷ் தம் கதையைத் தாமே சொல்லிவிட்டுப் போனார். அதில் ஒரு பொய் கலந்திருக்கலாம். ஆனாலும் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருந்தது என்பதை நமக்குக் காட்டுவது அந்த நூல்தான்.