தொண்டைநாட்டில் குழந்தை உடையும் பருவ வரையறையும்: நீர்ப்பெயற்று முதல் கடம்பத்தூர் வரை

முன்னுரை

எந்த வயதுக் குழந்தைக்கு எவ்வுடை பொருந்தும் என்பது பெற்றோர் வீட்டளவில் எடுக்கும் முடிவாகவே தோன்றும். வரலாற்றில் அவ்வாறு அமைந்த காலம் குறைவு. சடங்கு, குலவழக்கு, திருமண ஏற்பாடு, சட்டம், பள்ளி ஆகியன வெவ்வேறு காலங்களில் அம்முடிவைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொண்டுள்ளன. இன்றைய செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரை ஆகியவற்றை உள்ளடக்கிய பழைய தொண்டைநாட்டுப் பகுதியில் இம்மாற்றத்தின் சில கட்டங்களைத் தெளிவாகக் காண இயலுகிறது. அவை பெண் குழந்தையின் வாழ்வை நேரடியாகத் தொட்டவை என்பதால் உடை பற்றிய இவ்வினா அழகு பற்றியதாக மட்டும் நின்றுவிடவில்லை.

அணியே ஆடையான பருவம்

தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினம் வருகிறது. அதனை மாமல்லபுரத்தோடும், பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தோடும் பொருத்திக் காட்டும் கருத்துகள் உள்ளன. அப்பட்டினத்து மாடங்களில் பந்தாடியும் மணலில் கழங்காடியும் மகிழும் இளமகளிரை உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். அவர்கள் பொற்சிலம்பு அணிந்தவர்கள். இடையிலுள்ள மணிவடத்தின்மேல் நுண்ணிய துகில் அசைகிறது. இதே நூலின் மருதநிலப் பகுதியில் தச்சச் சிறுவர் செய்த சிறுதேரை உருட்டித் தளர்ந்து, செவிலியிடம் பாலுண்டு உறங்கும் குழந்தை வருகிறது. அக்குழந்தையின் தேர் நமக்குத் தெரிகிறது. அது என்ன உடுத்தியிருந்தது என்பது தெரிவதில்லை. அவர் பாடியதாகவே கொள்ளப்படும் பட்டினப்பாலையிலும் சிறுதேர் உருட்டும் புதல்வர் காலில் அணிந்த பொன்னால்தான் அடையாளம் பெறுகின்றனர். ஆடை பேசப்படாமை புலவரின் மறதி ஆகாது. அச்சமூகத்தில் குழந்தையின் பருவத்தை உணர்த்தியது துணி அன்று, அணியே.

இதற்கு வலுவான சான்று புறநானூற்றின் 77ஆம் பாடல். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் மிக இளையவனாகப் போர்க்களம் புகுந்ததை வியக்கும் இடைக்குன்றூர் கிழார், அவன் காலிலிருந்து கிண்கிணியைக் களைந்து கழல் அணிந்ததையும், கையிலிருந்து சிறுதொடியை நீக்கி வில் ஏந்தியதையும் வரிசையாகச் சொல்கிறார். கழுத்திலிருந்த ஐம்படைத்தாலி மட்டும் இன்னும் களையப்படவில்லை. பால் விட்டுச் சோறு உண்ணத் தொடங்கியதும் அன்றுதான் என்கிறார். இது மிகைக்கூற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்போருக்கு அம்மிகை விளங்கவேண்டுமாயின், எந்த அணி எந்த வயதில் நீங்கவேண்டும் என்ற பொதுவான அறிவு முன்பே இருந்திருக்கவேண்டும். வயதுக்கேற்ற உடை என இன்று பேசப்படுவதன் பழந்தமிழ் வடிவம் இதுவே எனலாம். அதில் அணிவதைவிடக் களைவதே முதன்மை பெற்றது.

சிறுமியர்க்குத் தழையாடை உரியதாக இருந்தது. நெய்தல் நிலப் பாடல்களில் ஆம்பல் பூவும் இலையும் கலந்து தொடுத்த தழை அடிக்கடி இடம்பெறுகிறது. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில் (248) கணவனை இழந்த பெண், இளமையில் தனக்குத் தழையாக உதவிய சிறிய வெள்ளாம்பல், கைம்மைக் காலத்தில் அதன் புல்லரிசியால் உணவாகிவிட்டதை எண்ணுகிறாள். ஒரே செடி பெண்ணின் இரு பருவங்களுக்கு இடையே எல்லைக்கல்லாக நிற்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

உலோகத் திருமேனிகளும் இவ்வழக்கிற்கு மாறுபடவில்லை. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையிலும் கடற்கரைக் கோயிலிலும் உமையின் மடியில் கந்தன் அமர்ந்துள்ள சோமாஸ்கந்த வடிவம் பல்லவர் காலத்தில் நிலைபெற்றது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அதே குழந்தை ஆடையின்றி, இடையணியும் முடியும் பூண்டு நிற்கிறது. குழந்தை ஞானசம்பந்தர் திருமேனிகளும் அவ்வாறே. அணிகலன் நிறைந்த அவ்வுடலை ஆடையற்றது எனக் கருதி நாணும் மனநிலை பக்தனுக்கு இல்லை.

வீட்டு வழக்கிலும் இதன் தொடர்ச்சி நெடுங்காலம் நீடித்தது. ஆண் குழந்தைக்கு அரைஞாண்; பெண் குழந்தைக்கு அரைஞாணில் கோத்த அரசிலை அல்லது அரைமூடி எனும் சிறு உலோகத் தகடு. ஆண் குழந்தைக்குத் தேவைப்படாத மறைப்பு பெண் குழந்தைக்கு மட்டும் தேவைப்பட்டது என்பதை இத்தகடு சொல்லாமல் சொல்கிறது. துணி வருமுன்பே வேறுபாடு வந்துவிட்டது.

பருவக் கணக்கும் புடவையும்

பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தன. பேதைக்கு 5 முதல் 7 வரையும் பெதும்பைக்கு 8 முதல் 11 வரையும் வயதெல்லை கூறுவது பரவலான வழக்கு; நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. உலா இலக்கியத்துக்கான இவ்விலக்கணத்தைச் சமூக நடைமுறையாக அப்படியே கொள்வதற்கில்லை. வீட்டில் பருவத்தை அறிவித்தது ஆண்டுக்கணக்கு அன்று, பூப்பு. மஞ்சள் நீராட்டில் தாய்மாமன் சீராக வந்த புடவையோ தாவணியோ சிற்றாடைக்கும் பாவாடை சட்டைக்கும் விடைகொடுத்தது.

குழந்தை மணம் இவ்வரிசையைக் குலைத்தது. பூப்புக்கு முன்பே மணம் முடிக்கும் குடும்பங்களில் ஏழெட்டு வயதுச் சிறுமி கூறைப்புடவை சுற்றப்பட்டு மணையில் அமர்த்தப்பட்டாள். உடல் குழந்தையுடையது, உடை மனைவியுடையது. உடை பருவத்தைப் பின்தொடர்வதே முறை; இங்கு உடையே பருவத்தைக் கட்டாயப்படுத்தியது. அச்சிறுமி கைம்பெண் ஆகிவிட்டால் உடை மீண்டும் ஒருமுறை, இம்முறை மீளாவகையில், மாற்றப்பட்டது.

ஒப்புநோக்க ஐரோப்பிய வழக்கு ஒன்றைச் சுட்டலாம். அங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் சிறுவர்கள் சில ஆண்டுகள் கவுன் அணிந்து, பின்னரே காற்சட்டைக்கு மாறினர். பிரெஞ்சு வரலாற்றறிஞர் பிலிப் ஆரியேஸ் 1960இல் வெளியிட்ட நூலில், குழந்தைக்கெனத் தனியுடை தோன்றியதைக் குழந்தைப்பருவம் என்ற கருத்தே உருவானதன் அடையாளமாகக் கொண்டார். தமிழ்ச் சான்றுகள் அக்கருத்தை முழுவதும் ஏற்கவில்லை. தனியுடை இல்லாத இடத்திலும் கிண்கிணியும் ஐம்படைத்தாலியும் குழந்தைப்பருவத்தைத் தெளிவாகவே வேலியிட்டுக் காத்தன.

செங்கல்பட்டு, 1929

புடவையை எப்போது கட்டுவது என்ற வினா மணவயது பற்றிய வினாவாக மாறி, பொதுமேடைக்கு வந்த இடங்களுள் செங்கல்பட்டு குறிப்பிடத்தக்கது. 1929 பிப்ரவரி 17, 18 நாள்களில் இங்கு கூடிய சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாட்டுக்கு ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் தலைமை தாங்கினார். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும், பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேற்பட்டதாக இருக்கவேண்டும் என்றும் அம்மாநாடு தீர்மானித்தது. அவ்வாண்டிலேயே நிறைவேறி 1930 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கையே எல்லையாக வைத்தது. செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டத்தைவிட முன்னே நின்றது.

தீர்மானம் உடையைப் பற்றிப் பேசவில்லை. எனினும் பெண் குழந்தைக்கு இன்னும் சில ஆண்டுப் பாவாடைப் பருவத்தை அது கேட்டது என்று கொள்வது பொருந்தும். பெரியார் பின்னும் ஒருபடி சென்று, பெண் பிள்ளைகளை ஆண் பிள்ளைகளைப் போலவே உடுத்தி வளர்க்கவேண்டும் என்று வலியுறுத்தினார். அரைமூடி தொடங்கிவைத்த வேறுபாட்டை அடியிலேயே மறுக்கும் நிலைப்பாடு அது. ஊர் அதனை ஏற்கவில்லை; மணவயதுக் கோரிக்கையைப் படிப்படியாக ஏற்றது.

பள்ளி தந்த உடை

அடுத்த மாற்றம் கல்விக்கூடத்தின் வழியே வந்தது. நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு இயக்கம் உருவாயிற்று. அதன் முதல் மாநாடு 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடைபெற்றது. ஊரார் மனமுவந்து தந்த பொருளும் பணமும் பள்ளிகளைச் சேர்ந்தன. ஏழை மாணவர்க்கான சீருடையும் இவ்வியக்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. மதிய உணவு பசியைத் தீர்த்தது போல, கிழிந்த உடையோடு பள்ளிக்கு வர நாணி நின்ற குழந்தையின் தயக்கத்தைச் சீருடை தீர்க்க முயன்றது. 1985இல் அரசே இலவசச் சீருடைத் திட்டத்தைத் தொடங்கியது. 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணை வழங்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யப்பட்ட துணியை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் தைத்தனர்.

சீருடை சாதியையும் செல்வத்தையும் ஓரளவு மறைத்தது, வயதை வெளிப்படையாக்கியது. பூப்பு எய்தினாளா என்பதை ஊருக்கு அறிவித்த தாவணியின் இடத்தில் வகுப்பைக் குறிக்கும் உடை வந்தது. தாவணிச் சீருடைக்கு மாற்றாகச் சல்வார் கமீசு நடைமுறைக்கு வந்தபின், ஒரு வகுப்புச் சிறுமியர் அனைவரும் ஒரே நாளில் உடை மாறினர். எவளது உடல் எப்போது மாறியது என்பது எவருக்கும் தெரியவேண்டியதில்லை. சடங்கால் இயலாததை வகுப்பு உயர்வு செய்தது.

ஆயினும் தருபவரே அளவையும் வடிவையும் முடிவுசெய்தனர். இதன் கூர்மையான வடிவம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் தெரிந்தது. நிவாரணமாக வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. உழைத்து உண்ட மீனவக் குடும்பங்கள் பிறர் உடுத்திக் களைந்ததைத் தம் பிள்ளைகளுக்கு அணிவிக்க விரும்பவில்லை. அக்குவியல்களில் குழந்தைகளின் உடையும் இருந்தது. அளவு பொருந்தியிருக்கக்கூடும், பொருத்தம் அளவில் மட்டும் இல்லை என்பதை அத்தாய்மார் அறிந்திருந்தனர்.