மலிவு டீசலும் பெரிய வண்டியும்

நாமக்கல் என்றாலே முட்டையும் லாரியும்தான் நினைவுக்கு வரும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்தே பிழைக்கும் ஊர். சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் 2000-களில் லாரிகளோடு பெரிய டீசல் கார்களும் ஓடத் தொடங்கின. மகிந்திரா ஸ்கார்ப்பியோ வந்தது 2002-ல்.

அப்போது டீசல் விலையை அரசு பெட்ரோலை விடக் குறைத்தே வைத்திருந்தது. லாரி, பஸ், விவசாயம் ஆகியவற்றை நினைத்துத் தந்த சலுகை, சொகுசு வண்டிக்கும் கிடைத்தது. 2013 ஜனவரியில் மாதாமாதம் சிறிது சிறிதாக விலையேற்ற அனுமதி வந்தது. 2014 அக்டோபரில் கட்டுப்பாடே நீங்கியது. 2017 ஜூன் முதல் தினமும் விலை மாறியது.

வண்டியின் உண்மையான பசி அதன்பிறகே தெரிந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அதற்கான கூடுதல் இரும்பை எப்போதும் சுமக்கிறது. சமவெளித் தார்ச்சாலையில் அதற்கு வேலையே இல்லை. முகப்பும் உயரம். வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

கார்க்காரர் வேகத்தைக் குறைத்துக் கொள்ளலாம், பயணத்தையே தள்ளிப் போடலாம். லாரிக்காரருக்கு அது முடியாது. 2018 ஜூலையில் நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் டீசல் விலைக் குறைப்பும் ஒன்று. சிக்கனம் என்று பலர் நம்பியதில் ஒரு பங்கு, வண்டி தந்ததல்ல, விலை தந்தது.